ஆமென் சொல்லாத அறிக்கை

எங்கள் வீட்டுக்கும் அருள்மலர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். லண்டன் எட்மண்டனில் அந்தக் காலத்தில் கட்டிய ஒட்டு வீடுகள். ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் கேட்கும். அதனால் அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுப் புகை அலாரம் அலறத் தொடங்கியபோது நான் தோய்ந்த தலையோடு, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். அருள்மலர் பிள்ளை பார்க்கிற வேலை செய்பவள். முறையாகப் பதிந்து, தன் வீட்டு முன்னறையிலேயே நாலு சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவள். அந்த வீட்டில் அலாரம் அடித்தால் யார்தான் செருப்புத் தேடுவார்கள்?

கதவைத் திறந்தது மேனுஷா. அருள்மலரிடம் விடுகிற பிள்ளைகளில் ஆகச் சின்னவளான ரூத்தின் தாய். வேலை இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள் என்பது அவள் போட்டிருந்த கடைச் சட்டையில் தெரிந்தது. குழந்தை தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது. மேனுஷாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அழுகையா புகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் எனக்கும் இருமல் வந்துவிட்டது. குசினியில் அருள்மலர் கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்கு நேரே துவாயை வீசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு பழைய தட்டில் செத்தல் மிளகாயும் உப்பும் கருகிக்கொண்டிருந்தன.

“கண்பட்டதெண்டு நாவூறு கழிச்சனியோ?” என்று கேட்டேன்.

“பின்னை என்ன, பார்பிக்யூவோ?” என்றாள் அருள்மலர், கதிரையில் நின்றபடியே.

“நான்தான் அக்கா கேட்டனான்,” என்றாள் மேனுஷா. “பிள்ளை பால் குடிக்குதில்லை. ஒரே அழுகை. டொக்டர் ரெண்டு நாள் பாருங்கோ எண்டார். சபையிலையும் ஜெபிச்சவை. எனக்கு வேறை என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

அவர் என்றால் கிருசாந்தன், அவள் புருசன். அவர்கள் சபையில் இதெல்லாம் பிசாசின் வேலை. மேனுஷா குழந்தையைக் கொஞ்சிவிட்டு வேலைக்கு ஓடினாள். அருள்மலர் தட்டைப் பின்கதவுப் படியில் ஆறவைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அதைக் குப்பையில் கொட்டி மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுடுகிற தட்டைக் குப்பை வாளியில் போடக்கூடாது என்பது பிள்ளை பார்க்கிறவர்களுக்கு உள்ள விதி. விதி மீறாதவள் விதியால் மாட்டிக்கொண்டாள்.

கிருசாந்தன் பார்சல் வான் ஓடுகிறவன். அன்றைக்கு ஷிப்ட் வழக்கத்தைவிட வேளைக்கு முடிந்து பிள்ளையை எடுக்க வந்துவிட்டான். வாசலிலேயே மூக்கைச் சுளித்தான். நேரே குசினிக்குள் நடந்து, திறந்திருந்த பின்கதவால் படியைப் பார்த்தான். நான் கோப்பையைக் கையில் வைத்தபடி இருந்தேன்.

“அக்கா, இது என்ன?”

“நாவூறு கழிச்சனான் தம்பி.”

“என்ரை பிள்ளைக்கோ?”

“ஓம்.”

“ஆர் உங்களைக் கேட்டது?”

அருள்மலர் வாய் திறக்கவில்லை. அவளை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அவள் பதில் சொல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கிருசாந்தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பையைக்கூட எடுக்காமல் போனான்.

அருள்மலரின் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. அவள் மன்னார் பேசாலைக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். சண்டைக்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் பிரதாபனுக்கு மனைவியாக லண்டனில் வந்து இறங்கியவள். பிள்ளை இல்லை. பிரதாபனுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த காலத்தில் மேனுஷாவும் கிருசாந்தனும் போகிற இந்தச் சபைக்காரர்கள் வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, சூப்பும் சோறும் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பாடி, அவளுக்கு ஒரு இரவாவது நித்திரை கொள்ள வழி செய்தார்கள். அந்த நன்றிக்காகவே அவள் ஞானஸ்நானம் எடுத்தாள். சபை சொன்னபடி நகையைக் கழற்றி, காது, கழுத்து, கை எல்லாம் வெறுமையாக்கினாள். பிரதாபன் செத்த பிறகுதான் சிக்கல் வந்தது. நோயாளியின் மனைவியாக அவளைச் சபைக்குப் பிடித்திருந்தது. சொந்த வீட்டுச் சாவியும் சொந்தக் காரும் உள்ள விதவையாக அவளை எந்த வரிசையில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளோ வாயைத் திறந்து சத்தமாகச் சிரிப்பாள். ஜீன்ஸ் போடுவாள். பிழை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

சபைக்குப் பாஸ்டர் ஞானேஸ்வரன். கர்த்தரிடம் வந்த பிறகும் பெயருக்குள் இருக்கும் ஈஸ்வரனை அவரால் துரத்த முடியவில்லை என்று நான் அருள்மலரைச் சீண்டுவதுண்டு. அவள் சிரித்துவிட்டு, “பாவம் அக்கா, பாஸ்போர்ட் மாத்திறது லேசில்லை,” என்பாள். அந்தச் சிரிப்பு அவர் காதுக்கும் போயிருக்கும் போல.

ஆனால் அவர் மனதில் முள்ளாகக் குத்தியது சிரிப்பல்ல. பங்குனியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ரூத்துக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆண்கள் சுற்றி நின்று கை வைத்து ஜெபித்தார்கள். மேனுஷா நடுவில் விறைத்துப்போய் நின்றாள். அருள்மலர் அந்தக் கைகளை எல்லாம் விலக்கி, குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தானே போன் எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். “ஜெபத்தைப் பிறகு முடியுங்கோ பாஸ்டர், இப்ப கொஞ்சம் காத்து விடுங்கோ,” என்று சொன்னாளாம். பிள்ளை பிழைத்தது. பிறகு சபையில் சாட்சி சொன்னபோது எல்லோரும் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள், அருள்மலரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. அவமானப்பட்ட மனிதர்கள் மறப்பதில்லை என்பதை அவள் யோசித்திருக்கவேண்டும், யோசிக்கவில்லை.

அந்தச் சபையில் பெண்கள் முக்காடு போட்டு இடப்பக்கம் இருப்பார்கள். பாடலாம், அழலாம், பேசக்கூடாது. ஒரேயொரு இடத்தில் மட்டும் பெண்ணின் வாய்க்கு அனுமதி உண்டு: பாவ அறிக்கை. மைக்குக்கு முன்னால் வந்து தன் குற்றத்தைச் சொல்லலாம். சொல்லத் தொடங்கிவிட்டால், அவள் ‘ஆமென்’ என்று முடிக்கும்வரை பாஸ்டர் உட்பட யாரும் குறுக்கே பேசக்கூடாது. அறிக்கை செய்கிறவர் கர்த்தரோடு பேசுகிறார், நடுவில் புகுந்தால் அது பாவம் என்பது அவர்கள் வழக்கம். நான் சைவக்காரி, மார்கழியில் ஒரு நத்தார் விருந்துக்கு அருள்மலர் இழுத்துக்கொண்டு போனபோது இதை நேரில் பார்த்தேன். ஒரு இளம்பெண் மெகாசீரியல் பார்த்த பாவத்தை விக்கி விக்கிச் சொன்னாள். சபை முழுக்கப் பொறுமையாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் அடி விழுமோ என்ற பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அருள்மலர் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள்தான் வந்தன. திங்கட்கிழமை ஒன்று. செவ்வாய்க்கிழமை முன்னறை வெறுமையாக இருந்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போயிருந்தது. சபைக்குள் மந்திரவாதம் நுழைந்திருக்கிறது, தாய்மார் விழிப்பாக இருங்கள் என்று. பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் என்ன, தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அருள்மலரைக் கண்டதும் சபைப் பெண் ஒருத்தி தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பினாள். அந்த வண்டியில் இருந்த பிள்ளைக்கு முதன்முதல் சோறு தீத்தியவள் அருள்மலர்தான். பிள்ளை அவளைக் கண்டு கை நீட்டியதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

“சூனியக்காரி எண்டு சொல்லினமாம் அக்கா,” என்றாள். “சொல்லிப்போட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளையளை என்னட்டை விடாட்டில் நான் என்ன செய்ய? எனக்கு இதைத் தவிர வேறை என்ன இருக்குது?”

அதுதான் உண்மை. அந்தப் பிள்ளைகள் அவளுக்குப் பிழைப்பு மட்டுமல்ல.

சனிக்கிழமை காலை பாஸ்டரும் கிருசாந்தனும் வந்தார்கள். அருள்மலர் சுவரில் தட்டி என்னையும் கூப்பிட்டாள். பாஸ்டருக்கு என்னைக் கண்டதில் சந்தோசம் இல்லை. நான் அசையவில்லை. நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். முறைத்துப் பார்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகியவள்.

“சகோதரி, நாங்கள் உங்களை அழிக்க வரேல்லை, மீட்க வந்தனாங்கள்,” என்று தொடங்கினார் பாஸ்டர். குரல் அவ்வளவு மெதுவு. “புருசன்தான் பெண்ணுக்குத் தலை. தலை இல்லாத வீட்டுக்கை சத்துரு லேசாப் பூந்திடுவான். அது உங்கடை பிழை இல்லை, பெண்ணின்ரை பலவீனம். நாளைக்குச் சபையிலை அறிக்கை செய்யுங்கோ. ஆர் உங்களைக் கேட்டது, எந்தெந்த வீட்டிலை இந்தப் பழக்கம் இருக்குது எண்டு பேரோடை சொல்லுங்கோ. சொன்னால் கர்த்தர் மன்னிப்பார், பிள்ளையளும் திரும்ப வருங்கள்.”

“சொல்லாட்டில்?”

“நாங்களும் சட்டத்துக்குக் கீழ்ப்படியவேணும். பிள்ளையளை வைச்சு மந்திரம் செய்யிறா எண்டு கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டிவரும். பிறகு உங்கடை பதிவு நிக்காது.”

கிருசாந்தன் அதுவரை தரையைப் பார்த்தபடி இருந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல என்னால் முடியாது. குடியில் கிடந்தவனைச் சபைதான் தூக்கி நிமிர்த்தியது. அந்தப் பிடி நழுவினால் தான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறவன். அந்தப் பயம்தான் அவனைக் கொடூரமாகப் பேச வைத்தது.

“எனக்குத் தெரியவேணும் அக்கா,” என்றான். “என்ரை வீட்டுக்குள்ளை இருந்து ஆராவது கேட்டிருந்தால், பிள்ளையை ரொறன்ரோவிலை தங்கச்சியிட்டை அனுப்பிப்போடுவன். இப்படிப்பட்ட கையிலை என்ரை பிள்ளை வளரக்கூடாது.”

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அருள்மலர் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

அவர்கள் போன பிறகு பின்வேலிக் கதவால் மேனுஷா வந்தாள், ரூத்தோடு. பிள்ளைக்குக் காதுக்குள் கிருமி என்று இரண்டாம் முறை போனபோது டொக்டர் கண்டுபிடித்து மருந்து கொடுத்திருந்தார். பிள்ளை தெளிந்துவிட்டது. அருள்மலரைக் கண்டதும் தாவியது. தாய்தான் தெளியவில்லை.

“அக்கா, என்ரை பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவர் சொன்னதைச் செய்வார். டிக்கெட் விலையும் பாத்திட்டார்.”

“நான் சொல்லமாட்டன் எண்டு உனக்குத் தெரியாதே?”

“தெரியும். ஆனால் உங்கடை வேலை?”

அருள்மலர் ரூத்தின் காலைப் பிடித்து, கழன்றிருந்த சொக்ஸை இழுத்துவிட்டாள். அது அவள் பழக்கம். வெயில் எரிக்கிற நாளிலும் தகப்பன்மார் வருகிற நேரத்துக்கு எல்லாப் பிள்ளைக்கும் சொக்ஸ் மாட்டிவிடுவாள். இந்தச் சூட்டில் என்னத்துக்கு என்று நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். “குளிர் பிடிச்சிடும்,” என்பாள், முகத்தைப் பார்க்காமல்.

மேனுஷா போனதும் நான் வெடித்தேன். “நீ என்ன பெரிய புனிதையோ? அவள் கேட்டவள், நீ செய்தனி. உண்மையைச் சொல்லன். அல்லது நான் சொல்லுறன்.”

“நீங்கள் சொன்னால், அக்கா, எங்களுக்கு நடுவிலை உள்ள இந்தச் சுவரிலை நான் இனித் தட்டமாட்டன்.”

அதற்கு மேல் என்ன பேச? நான் வேறு பக்கத்தால் வந்தேன். நானூறு வருடத்துக்கு முன்னால் இதே எட்மண்டனில் ஒரு ஏழை மனிசியைச் சூனியக்காரி என்று தூக்கிலிட்ட கதையைச் சொன்னேன். அயலில் மாடு செத்தது, பிள்ளைகள் செத்தன. அவளுக்கு முதுகு கூனல், ஒரு கண் பழுது, வாய் பொல்லாதது. அவள் வீட்டுக் கூரையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி எரித்தார்கள். எரிகிறபோது அவள் ஓடிவந்தால் அவள்தான் சூனியக்காரி என்பது அவர்கள் சோதனை. தன் கூரையை எரித்தால் யார்தான் ஓடிவரமாட்டார்கள்? சாபமிடுகிற அவள் நாக்கின் வழியாகத்தான் பிசாசு வந்தது என்று, சிறையில் அவளிடம் வாக்குமூலம் வாங்கிய பாதிரியார் எழுதிவைத்தார்.

“ஒத்துக்கொண்டவவோ?” என்று கேட்டாள் அருள்மலர்.

“ஓம்.”

“ஒத்துக்கொண்ட பிறகும் தூக்கினவையோ?”

“தீர்ப்பு முதலே முடிஞ்சுபோச்சு. பிறகு ஒரு எழுபது வருசத்தாலை, இங்கையிருந்து கப்பல் ஏறி அமெரிக்காவுக்குப் போன பியூரிட்டன் எண்ட கடும் சபைக்காரர் அங்கை வேறை மாதிரிச் செய்தவை. ஒத்துக்கொண்ட ஆக்கள் தப்பினவை. இல்லையெண்டு நிண்டவையைத்தான் தூக்கினவை. ஆனால் சும்மா ஒத்துக்கொள்ள ஏலாது. வேறை ஆக்களின்ரை பேரும் சொல்லவேணும்.”

“எங்கடை பாஸ்டர் மாதிரி.”

“அச்சொட்டாய். பெண்ணின்ரை ஆத்துமா பலவீனம், பிசாசுக்கு அதுதான் லேசான வாசல் எண்டு நினைச்ச ஆக்கள் அவையும். முக்கியமா உன்னை மாதிரிப் பெண். புருசன் இல்லை, மகன் இல்லை, பேரிலை வீடு இருக்குது, வாயும் இருக்குது.”

அவள் ஆறிய தேத்தண்ணியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பினாள். “அந்த மனிசிமாரைப் பேசவிட்டவையோ?”

“விசாரிக்கேக்கை மட்டும்.”

“எங்களுக்கும் அறிக்கையிலை மட்டும்தானே,” என்றாள். அதற்குப் பிறகு அவள் வேறு கதை கதைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அமைதியாக இருக்கிற அருள்மலரை நான் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம். நிறைந்த கூட்டம், தூரத்துக் கிங்ஸ்பரியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி அறிக்கை செய்யப் போகிறாள் என்றால் வராமல் இருப்பார்களா? பெண்கள் பக்கம் முழுக்கக் கைக்குழந்தைகள். முன்வரிசையில் பாஸ்டரின் மருமகள், மடியில் அவருடைய பேரன். அதற்குப் பின்னால் மேனுஷா, வெளிறிப்போய். நான் கடைசியில் இருந்தேன். கொலை வழக்கில் மொழிபெயர்த்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் தலையசைத்தார். அருள்மலர் எழுந்து போனாள். அன்றைக்குச் சேலை கட்டி, முக்காட்டை நெற்றிவரை இழுத்திருந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

“நான் அருள்மலர். செத்துப்போன பிரதாபன்ரை மனிசி. நான் பாவி. என்ரை வாய் பொல்லாதது, அது சபைக்கே தெரியும். போன கிழமை ஒரு பிள்ளைக்குச் செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போட்டனான். அது எங்கடை அம்மா எனக்குச் செய்தது, அவவின்ரை அம்மா அவவுக்குச் செய்தது. மிளகாய் மணக்காட்டில் நாவூறு இருக்குது எண்டு அர்த்தம். ஆனால் நல்லா மணந்தது. அலாரமே அடிச்சது. பக்கத்து வீட்டு அக்கா நனைஞ்ச தலையோடை ஓடிவந்தவ. அப்ப பிள்ளைக்கு ஒரு நாவூறும் இல்லை, ஆரும் ஒண்டும் செய்யவுமில்லை. காதுக்கை கிருமி. அவ்வளவுதான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பாஸ்டர் முன்னால் வந்தார்.

“சகோதரி, ஆர் உங்களைக் கேட்டது? பேரைச் சொல்லுங்கோ.”

அருள்மலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “பாஸ்டர், நான் இன்னும் ஆமென் சொல்லேல்லை.”

அவர் போட்ட விதி, அவர் காலிலேயே சுற்றிக்கொண்டது. ஆண்கள் பக்கத்தில் ஒரு வயதானவர் செருமினார். பாஸ்டர் ஒரு அடி பின்னால் போனார்.

“பேர் கேட்டனீங்கள்,” என்றாள் அருள்மலர், மைக்குக்கு. “என்னட்டைப் பேர் இருக்குது. நிறைய இருக்குது. இந்தச் சபைப் பிள்ளையளைக் குளிப்பாட்டி, பம்பேஸ் மாத்தி வளத்தது நான். ஒரு பிள்ளையின்ரை உடம்பிலை எனக்குத் தெரியாத இடம் இல்லை. நாவூறு படாமல் உள்ளங்காலிலை மைப்பொட்டு வைச்சு என்னட்டைக் கொண்டுவந்து விட்டவை இங்கை இருக்கினம். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை.”

அப்போதுதான் எனக்கு அந்தச் சொக்ஸ் விளங்கியது. இப்போது இவள் பெயர் சொல்லத் தொடங்கினால் இவள் தப்பிவிடுவாள் என்பதும் விளங்கியது. ஒரு பெயர் சொன்னால் போதும், எல்லாக் கண்ணும் அங்கே திரும்பிவிடும். சொல்லிவிடடி என்று ஒரு மனமும், சொல்லாதே என்று இன்னொரு மனமும் எனக்குள் இடிபட்டன.

“தேப்பன்மார் கூட்டிக்கொண்டு போக வரேக்கை அந்தக் காலுக்குச் சொக்ஸ் போட்டு மறைச்சது நான். அதுதான் நான் செய்த பாவம். இந்தப் பாவத்தை இனியும் செய்வன். பேர் ஒண்டும் சொல்லமாட்டன். கவுன்சிலுக்குச் சொல்லுறவை சொல்லுங்கோ.”

மைக்கை விட்டு விலகினாள். ஆமென் சொல்லவில்லை. நடுப்பாதையால் நேரே வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போது அது நடந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு கை மெதுவாக இறங்கி மடியிலிருந்த பிள்ளையின் பாதத்தைப் பொத்தியது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு அடுத்த வரிசையில். சொக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்த கைகள், சொக்ஸ் இல்லாத காலைச் சேலைத் தலைப்பால் மூடிய கைகள். முன்வரிசையில் பாஸ்டரின் மருமகளின் கையும் பேரனின் காலை இறுக்கிப் பிடித்திருந்தது. பாஸ்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனுஷா எழுந்தாள். ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக்குக்குப் போனாள். ஆண்கள் பக்கத்தில் கிருசாந்தன் பாதி எழுந்து நின்றான். நான் வாய்விட்டு “ஐயோ” என்றுவிட்டேன்.

“நான்தான் கேட்டனான்,” என்றாள் மேனுஷா. குரலே இல்லை, மைக்தான் அதைக் கேட்கவைத்தது. “ஜெபமும் செய்தனான், டொக்டரிட்டையும் போனனான், மிளகாயும் சுத்தக் கேட்டனான். பிள்ளை செத்துப்போயிடும் எண்டு பயந்தனான். பங்குனியிலை அருள்மலரக்கா இல்லாட்டில் செத்துத்தான் இருக்கும். அது என்ரை கண்ணாலை பாத்தது.” குழந்தையின் சொக்ஸைக் கழற்றிக் கீழே போட்டாள். சின்ன உள்ளங்காலில் கறுப்பாக ஒரு பொட்டு. “இதையும் நான்தான் வைச்சனான்.”

அவளும் ஆமென் சொல்லவில்லை. ஆகவே யாரும் பேச முடியவில்லை. அவள் அங்கேயே நின்றாள், பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி, புருசனைப் பார்த்தபடி.

கிருசாந்தன் நடந்து வந்தான். பிள்ளையைப் பறிக்கத்தான் வருகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். வாசலில் நின்ற அருள்மலர் இரண்டு அடி திரும்பி வந்துவிட்டாள். அவன் மேனுஷாவுக்கு முன்னால் நின்றான். குழந்தை தகப்பனைக் கண்டு காலை உதைத்துச் சிரித்தது. அவன் குனிந்து தரையில் கிடந்த சொக்ஸை எடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கடைசியில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேனுஷாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

சபையில் பாதிப் பேர் அருள்மலரோடு இன்றுவரை கதைப்பதில்லை. கவுன்சிலுக்கு யாரோ போன் பண்ணித்தான் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கேள்வி கேட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, புகை அலாரம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஆனால் அது பிறகு. திங்கட்கிழமை காலை நான் குப்பை வாளியை வெளியே இழுத்தபோது அருள்மலர் வீட்டு வாசலில் பார்சல் வான் வந்து நின்றது. கிருசாந்தன் இறங்கினான். பக்கத்துச் சீட்டிலிருந்து ரூத்தைத் தூக்கினான். அருள்மலர் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

“பின்னேரம் நான்தான் வருவன் அக்கா,” என்றான் அவன். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

பிள்ளையின் கால் அவளுடைய கையில் வெறுமையாகத் தொங்கியது. சொக்ஸ் போட்டிருக்கவில்லை. உள்ளங்காலில் பொட்டு, அன்றைக்குக் காலையில் புதிதாக வைத்த ஈரம் காயாமல், கறுப்பாக மின்னியது.